தராசு யார் கையில்?
அமெரிக்கக் கால்பந்து முதலாளிகளின் ஆளெடுப்பு லட்சணம்

அமெரிக்காவில் சோஷலிசம் நடக்கிறதாம்! எங்கே என்று கேட்கிறீர்களா? எஃகு ஆலையில் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்திலும் அல்ல. தேசியக் கால்பந்து லீக் என்னும் 32 குழுக்களின் கூட்டணியில்! அங்கே டெலிவிஷன் கொடுக்கும் பணத்தைக் குழு முதலாளிகள் சரிசமமாகப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். போன பருவத்தில் எல்லாரிடமும் உதை வாங்கித் தோற்ற குழு எதுவோ, அதற்கே கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுத்துக்கொள்ளும் உரிமை. எளியவனுக்கு முதல் கவளம்! இதைவிடச் சமத்துவம் வேறு என்ன வேண்டும் என்று விளையாட்டுப் பத்திரிகைப் பண்டிதர்கள் பூரித்துப் போகிறார்கள். கிளீவ்லாண்டு குழுவின் முதலாளியாக இருந்த ஆர்ட் மொடெல், தாங்கள் எல்லாரும் ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள்தான், ஆனால் ஓட்டுப் போடுவது மட்டும் சோஷலிச முறையில் என்று வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

முதலாளி வேடிக்கை பேசும் நேரத்தில் தொழிலாளி தன் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தச் சமத்துவத்தில் யாருக்கு யார் சமம்? முதலாளிக்கு முதலாளி சமம். வாஸ்தவம். ஆனால் அவர்கள் பங்கிட்டுக் கொள்வது பணத்தை மட்டுமல்ல, ஆட்களையும்தான். பங்கு போடப்படுகிறவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டால் இந்த விஷயம் பளிச்சென்று விளங்கும். அவனை எடை போடுவதில்தான் அங்கே அதிக ஆரவாரம், அதிக "விஞ்ஞானம்", அதிகப் புளுகு.

ஆட்டமும் ஆளும்

இது நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அல்ல. பெயர்தான் கால்பந்து, காரியமெல்லாம் கையில். பந்து இரு முனையும் கூர்மையாக, உரித்த தேங்காய் போல இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். நான்கு தடவைக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். அந்தப் பந்தை முதலில் கையில் வாங்கி, ஓடுவதா, அடுத்தவனிடம் கொடுப்பதா, தூர எறிவதா, எறிந்தால் யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவன்தான் குவார்ட்டர்பேக். 300 ராத்தல் எடையுள்ள ஆட்கள் தன்மேல் விழ ஓடிவரும்போது, இரண்டு மூன்று விநாடிக்குள் இதை அவன் முடிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவனைக் கல்லூரியில் வைத்து மதிப்பிடுவது லேசான வேலை அல்ல. அதை நாம் மறுக்கவில்லை. அவனைக் காக்க முன்னால் நின்ற ஐந்து பேர் எப்படி? அவன் ஜெயித்த எதிரிகள் பலசாலிகளா, சோப்ளாங்கிகளா? முதலில் குறிவைத்த ஆள் மறிக்கப்பட்டால் அவன் கண் இரண்டாவது ஆளிடம் போகிறதா, அல்லது பயந்து ஓடிவிடுகிறானா? ஓடுகிற கூட்டாளியின் முதுகுக்கு எறிகிறானா, அவன் போய்ச் சேரும் இடத்துக்கு எறிகிறானா? கீழே விழுந்து எழுந்த பிறகு அடுத்த பந்தை எப்படி எறிகிறான்? இதையெல்லாம் களத்தில் பார்க்க வேண்டும். படம் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த வேலை தெரிந்த பழைய ஆட்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. வருஷம் பூராவும் காரில் ஊர் ஊராக அலைந்து, மட்டமான ஓட்டலில் படுத்து, கல்லூரிப் பையன்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவர்கள். அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர்களும் கூலிக்காரர்கள்தான், புது மேலாளர் வந்தால் வேலை போய்விடும்.

ஆனால் தராசைப் பிடிப்பது அவர்கள் கை அல்ல. 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரத்தில் ஒரு சந்தை கூடுகிறது. நாடு முழுவதிலுமிருந்து 300க்கு மேற்பட்ட பையன்களை வரவழைத்து நிறுத்துகிறார்கள். உயரம் அளக்கிறார்கள். நிறுக்கிறார்கள். 40 கஜம் ஓடவிட்டு விநாடியை நூறாக வகுத்துக் கணக்கெடுக்கிறார்கள். ஒவ்வொரு குழுவின் டாக்டரும் முழங்காலை முறுக்கிப் பார்க்கிறார், தோளை இழுத்துப் பார்க்கிறார். குவார்ட்டர்பேக் என்றால் உள்ளங்கையை விரிக்கச் சொல்லிக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். 2022ல் கென்னி பிக்கெட் என்பவருடைய கை எட்டரை அங்குலம்தான் என்று பத்திரிகைகள் வாரக்கணக்கில் அழுதன! சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். அதற்கு மேல் மாட்டை யாரும் தொந்தரவு செய்வதில்லை. இவர்களுக்கு 12 நிமிஷத்தில் 50 கேள்வி என்று ஒரு புத்திப் பரீட்சையும் பல ஆண்டு நடந்தது. 2022ல்தான் அதைக் கைவிட்டார்கள். தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் உண்டு. 2010ல் டெஸ் பிரையன்ட் என்ற கறுப்பு இளைஞரிடம், உன் தாய் விபசாரியா என்றே மியாமி குழுவின் பெரிய மேலாளர் கேட்டார். விஷயம் வெளியே வந்த பிறகு மன்னிப்புக் கோரினார். மாட்டுக்காவது தாயைப் பற்றிக் கேள்வி கிடையாது.

இவ்வளவு அளந்து கண்டது என்ன? 2000ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக் கழகத்து டாம் பிராடியை ஒல்லி, மெதுவாக ஓடுகிறவர் என்று ஒதுக்கினார்கள். 40 கஜம் ஓட அவருக்கு 5.28 விநாடி ஆயிற்று. ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்து முடித்த பிறகு 199ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். அவர்தான் ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்றார். 2007ல் ஜமார்கஸ் ரஸ்ஸல் என்பவரை, என்ன உடம்பு, என்ன கை என்று வாய் பிளந்து முதல் ஆளாக எடுத்தது ஓக்லாந்து குழு. மூன்றே பருவத்தில் அவரை வெளியே அனுப்பியது.

தராசு என்றால் சில சமயம் தவறும், அதற்கு என்ன செய்வது என்பார்கள். தவறுவது தற்செயலாக இருந்தால் நாம் வாயைத் திறந்திருக்க மாட்டோம். ஒரே பக்கமாகத் தவறுகிற தராசுக்கு என்ன பெயர்?

தோலின் எடை

1968ல் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பர் டென்வர் குழுவில் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அவரைக் குழுவில் சேர்த்ததே பின்வரிசைக் காவல்காரராக ஆடுவதற்கு. மற்றவர்கள் காயம்பட்ட பிறகுதான் பந்து கைக்கு வந்தது. அந்தப் பருவத்தில் 14 முறை புள்ளிக்குப் பந்து எறிந்தார். மறு வருஷம் அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட அவரை விடவில்லை. வேறு குழுவுக்குப் போய்ப் பந்து பிடிக்கிற ஆளாக மாறினார். பத்து வருஷம் கழித்து, 1978 ஜனவரியில், வாஷிங்டன் பல்கலைக் கழகத்தின் வாரன் மூன் ரோஸ் பௌல் என்ற பெரிய ஆட்டத்தை ஜெயித்து, அதில் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் பெற்றார். அந்த வருஷ ஆளெடுப்பில் 12 சுற்று நடந்தது. ஒரு சுற்றிலும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. குவார்ட்டர்பேக் வேலையை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஆடச் சம்மதியாதது அவர் செய்த குற்றம். மூன் கனடாவுக்குப் பிழைக்கப் போனார். அங்கே எட்மன்டன் குழு தொடர்ந்து ஐந்து ஆண்டு கோப்பை வென்றது. 1984ல் ஹூஸ்டன் குழு பணத்தைக் கொட்டி அவரைத் திரும்ப அழைத்தது. 2006ல் அதே லீக்கின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைப் பொறித்தார்கள்.

அது பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள் பண்டிதர்கள். மாறியதா, பார்ப்போம்.

2018ஆம் ஆண்டு ஆளெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லூயிவில் பல்கலைக் கழகத்து லமார் ஜாக்சன், கறுப்பர், 2016ல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குள்ள மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். அந்தப் பருவத்தில் எறிந்து 3,543 கஜம், ஓடி 1,571 கஜம். அடுத்த பருவத்தில் எறிந்து 3,660, ஓடி 1,601. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஆனால் புகழ் பெற்ற மாஜி மேலாளர் பில் போலியன் டெலிவிஷனில் உட்கார்ந்துகொண்டு, இவர் உயரம் போதாது, உடம்பு மெலிவு, பந்து பிடிக்கிற வேலைக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எறிவதில் குறி தவறுகிறது என்றார்கள் வேறு சிலர். நூற்றுக்கு 59 எறிதான் கூட்டாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்குக் காட்டினார்கள்.

கணக்கு என்றால் எல்லாருக்கும் ஒரே கணக்காக இருக்க வேண்டும் அல்லவா? அந்த வருஷம் ஜாக்சனுக்கு முன்னால் நான்கு வெள்ளைக் குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். முதல் ஆளாகப் போன பேக்கர் மேஃபீல்டு ஜாக்சனைவிடக் குட்டை! ஏழாவதாகப் போன ஜோஷ் ஆலனுக்கு முந்திய பருவத்தில் நூற்றுக்கு 56 எறிதான் சேர்ந்தது. அதுவும் வயோமிங் போன்ற சிறிய பல்கலைக் கழகத்தில். அவரைப் பந்து பிடிக்கப் போகச் சொன்னவர் யார்? ஒருவரும் இல்லை. பையனுக்குக் கை வலிமை இருக்கிறது, பொறுமையாகப் பழக்கிக்கொள்ளலாம் என்றார்கள். பழக்கினார்கள், ஆலன் நிஜமாகவே அற்புதமான ஆட்டக்காரராகத் தேறினார். அவர்மேல் நமக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பொறுமை ஒருவனுக்கு உண்டு, இன்னொருவனுக்கு இல்லை என்பதுதான் நம் வழக்கு. பத்தாவதாகப் போன ரோஸனை ஒரே வருஷத்தில் அரிஜோனா குழு தள்ளிவிட்டது.

ஜாக்சன் மசியவில்லை. பந்து பிடிக்கும் பரீட்சைக்கு வர முடியாது, நான் குவார்ட்டர்பேக் என்று சொல்லிவிட்டார். தரகரும் வைத்துக்கொள்ளவில்லை; தாயே துணை. கடைசியில் 32ஆவது ஆளாக பால்டிமோர் எடுத்தது. அந்தக் குழு கூட அதே இரவில் முதலில் வேறொருவரை எடுத்துவிட்டுத்தான் இவரிடம் வந்தது. அடுத்த வருஷமே, 2019ல், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். ஓட்டுப் போட்ட 50 பேரும் அவர் பெயரையே எழுதினார்கள். 2023ல் மறுபடியும். போலியன் தாம் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். பெருந்தன்மைதான்!

இந்தத் தராசு ஆட்டக்காரனை ஆட்டம் முடிந்த பிறகும் விடுவதில்லை. தலையில் அடிபட்டு அடிபட்டு மூளை கெட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க லீக் ஒப்பந்தம் செய்தது. அதில் மூளைச் சேதத்தை அளக்கும் முறை எப்படி? கறுப்பனுக்குப் பிறவியிலேயே புத்தி குறைவு என்று வைத்துக்கொண்டு, குறைந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவது! ஆகவே அதே சேதத்துக்கு வெள்ளையருக்குப் பணம், கறுப்பருக்குக் கைவிரிப்பு. கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரண்டு பழைய ஆட்டக்காரர்கள் 2020ல் கோர்ட்டுக்குப் போன பிறகுதான், 2021ல் லீக் இதைக் கைவிடுவதாகச் சொன்னது. ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். முதன்மை முதலாளிகளில் ஒரு கறுப்பர் இருந்ததுண்டா? இன்றுவரை இல்லை.

ஏலம் கூட இல்லை

எடை போடுவது எதற்காக? கூலி போடுவதற்காக. இதை மறைக்கத்தான் விஞ்ஞானப் பேச்செல்லாம்.

இதை ஏலம் என்று சொன்னால் ஏலத்துக்கு அவமானம். ஏலத்தில் இரண்டு பேர் போட்டி போட்டால் விலை ஏறும். இங்கே போட்டியே கூடாது என்பதுதான் சட்டம். ஒரு குழு எடுத்துவிட்டால் மற்ற 31 குழுவும் அந்த ஆளோடு பேசக்கூடாது. இந்த ஏற்பாட்டை 1935ல் முதலாளிகள் கூட்டத்தில் முன்மொழிந்தவர் பிலடெல்பியா குழுவின் பெர்ட் பெல். ஸ்டான் கோஸ்ட்கா என்ற கல்லூரி ஆட்டக்காரரைப் பிடிக்கப் போய், புரூக்லின் குழுவுடன் விலைப் போட்டியில் தோற்று வந்தவர் அவர். விலைப் போட்டியை ஒழித்தால் எல்லாருக்கும் லாபம் என்று கண்டுகொண்டார். எளிய குழுவுக்கு முதல் ஆள் என்பது இந்தக் கசப்பு மருந்துக்கு மேலே தடவிய தேன். 1936ல் முதல் ஆளெடுப்பு. முதல் பெயர் ஜே பெர்வாங்கர், முதல் ஹைஸ்மன் கோப்பை வென்றவர். அவர் கேட்ட கூலியை முதலாளிகள் கொடுக்கவில்லை, அவரும் வணங்கவில்லை. ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார். இந்த லீக்கில் ஒரு நாளும் ஆடவில்லை. பலே பெர்வாங்கர்!

ஒரே பருவத்தில் கழுத்து அடிபட்டு வாழ்வு முடிந்த ஸ்மித் என்ற ஆட்டக்காரர் வழக்காடியதில், 1976ல் ஒரு கோர்ட்டு இந்த ஆளெடுப்பு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றே சொல்லிற்று. முதலாளிகள் அசந்துவிடவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குள் அதை நுழைத்துவிட்டார்கள். சங்கம் ஒப்புக்கொண்டால் சட்டத்தின் கை எட்டாது.

இங்கே நம் பக்கத்துத் தவறையும் சொல்லத்தான் வேண்டும். 2011ல் முதலாளிகள் மார்ச் முதல் ஜூலை வரை கதவடைப்புச் செய்தார்கள். ரஸ்ஸல் போன்ற புதியவர்களுக்குக் கோடிகளைக் கொட்டி நஷ்டப்பட்டோம் என்று ஒப்பாரி வைத்தார்கள். எடை தப்பாகப் போட்டவர்கள் அவர்கள், தண்டனை யாருக்கு? இனி வரப்போகும் பையன்களுக்கு. 2010ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர், அதில் 5 கோடி உறுதி. 2011ல் முதல் ஆளாகப் போன காம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு 2 கோடியே 20 லட்சம்! ஒரு வருஷத்தில் மனிதன் அவ்வளவு மலிந்துவிட்டானா? சங்கத்தில் உள்ளவர்கள் பயிற்சிக் கடுமையைக் குறைத்துக்கொண்டார்கள், தங்களுக்குச் சில சலுகைகள் பெற்றார்கள். வாசலுக்கு வெளியே நின்றவனுக்கோ ஓட்டு இல்லை, அவன் கூலியை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பதிலித் தொழிலாளியை மறந்த சங்கம் என்ன ஆகும் என்று மில் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதன் பலனைப் பிராக் பர்டியிடம் பாருங்கள். 2022 ஆளெடுப்பில் 262 பேரில் கடைசி ஆள். கடைசி ஆளுக்கு, பொருட்படுத்தத் தேவையில்லாதவர் என்று கேலிப் பட்டம் வேறு சூட்டுவார்கள். 2023 பருவத்தில் அவர் சான் பிரான்சிஸ்கோ குழுவை சாம்பியன் ஆட்டம் வரை கொண்டுபோனார். அந்த வருஷம் அவர் சம்பளம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அதே வேலைக்கு வேறு குழுக்களில் 4 கோடி, 5 கோடி டாலர் வாங்கினார்கள். ஒப்பந்தத்தை மாற்றலாமே என்றால், மூன்று பருவம் முடியும் வரை பேசவே கூடாது என்று விதி! பெரிய ஒப்பந்தம் 2025ல்தான் கிடைத்தது. ஏப்ரல் மாதத்தில் முதலாளி தப்பாகப் போட்ட எடைக்கு, மூன்று வருஷம் தொழிலாளி வட்டி கட்டினான்.

கோடி டாலர்க்காரன் கதை நமக்கு எதற்கு என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏரோட்டி, களை பறித்துக் கூலிக்குப் போராடுகிறவனுக்கு 8 லட்சம் டாலர் என்பது குபேர சம்பத்து. ஆனால் ஆயிரக்கணக்கான கல்லூரி ஆட்டக்காரர்களில் வருஷத்துக்குச் சுமார் 250 பேரைத்தான் எடுக்கிறார்கள். எடுக்கப்பட்டவன் சராசரியாக மூன்று வருஷத்துக்குச் சற்று மேல்தான் தாக்குப்பிடிக்கிறான் என்பது அவர்களுடைய சங்கத்தின் கணக்கு. பிறகு மூட்டும் மூளையும் அவன் சொந்தப் பாடு. இறந்த ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளையை பாஸ்டன் பல்கலைக் கழகம் ஆராய்ந்து 2017ல் வெளியிட்டது: 110ல் அடிபட்ட நோய். சந்தேகப்பட்ட குடும்பத்தார் கொடுத்த மூளைகள் அவை, ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் இதே விகிதம் என்று சொல்லக்கூடாது. இருந்தாலும் 110!

அடக்கத்தின் எடை

தராசில் இன்னொரு படிக்கல் உண்டு. பெயர் அடக்கம். காலின் காப்பர்நிக் சான் பிரான்சிஸ்கோவைச் சாம்பியன் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்ற குவார்ட்டர்பேக். போலீஸ் கறுப்பர்களைக் கொல்வதைக் கண்டித்து 2016ல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். 2017 முதல் ஒரு குழுவும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. கூடிப் பேசி ஒதுக்கினார்கள் என்று அவர் தொடுத்த வழக்கை 2019ல் லீக் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. அவரது கையின் நீளம் அப்போது குறைந்துவிட்டதா என்ன?

கெய்ன் கோல்ட்டர் பெயரை நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். சிகாகோவுக்குப் பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்தின் குவார்ட்டர்பேக். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ரசாயன வகுப்பு காலைப் பயிற்சி நேரத்தில் வருகிறது என்று அந்தப் பாடத்தை எடுக்கவிடாமல் தடுத்தார்கள். ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுப் பல்கலைக் கழகம் சம்பாதிக்கிறது. ஆடுகிறவன் மாணவன், தொழிலாளி அல்ல என்று 1950களிலிருந்து ஒரு வாதம். மைதானத்தில் அடிபட்டுச் செத்தவனின் மனைவிக்கு நஷ்ட ஈடு தராமல் இருக்க உதவிய வாதம் அது. 2014 ஜனவரியில் கோல்ட்டரும் தோழர்களும் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு, நாங்கள் தொழிலாளிகள், எங்களுக்குச் சங்கம் வேண்டும் என்று தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மனுப் போட்டார்கள். ஆட்டப் பருவத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் இவர்கள் ஆட்டத்துக்காக உழைக்கிறார்கள், தொழிலாளிகள்தான் என்று மார்ச்சில் வாரியத்தின் சிகாகோ அதிகாரி தீர்ப்பளித்தார். ஏப்ரல் 25ந் தேதி ஆட்டக்காரர்கள் சங்கம் வேண்டுமா என்று ஓட்டுப் போட்டார்கள். பல்கலைக் கழகம் அப்பீல் செய்திருந்தபடியால் பெட்டியை முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து லீக் ஆளெடுப்பு நடந்தது. 256 பெயர்கள் வாசிக்கப்பட்டன. கோல்ட்டர் பெயர் இல்லை. கணுக்காலில் காயம், குவார்ட்டர்பேக் வேலைக்கு உடம்பு சிறியது என்றார்கள். இருக்கலாம். சங்கம்தான் காரணம் என்று சாதிக்க நம்மிடம் சாட்சியம் இல்லை. மின்னெசோட்டா குழு அவரைப் பந்து பிடிக்கிற ஆளாக, பயிற்சிப் பட்டியலில், பதிலியாகச் சேர்த்துக்கொண்டது.

2025 ஜூலை முதல் பல்கலைக் கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேராகவே பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. பணம் உண்டு, ஆனால் தொழிலாளி என்ற பெயர் மட்டும் கூடாது என்பதில் பல்கலைக் கழகங்கள் இன்னும் பிடிவாதம் பிடிக்கின்றன. நார்த்வெஸ்டர்ன் வழக்கை வாஷிங்டனில் உள்ள மேல் வாரியம் 2015 ஆகஸ்டில், இது எங்கள் அதிகாரத்தை நாங்கள் செலுத்தும் விஷயம் அல்ல என்று கைகழுவிவிட்டது. முத்திரை வைத்த அந்த ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை.